கிதாரும் கோபமும் – 9: பத்து வருட மௌனம்

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். 1983 மே 28. ஆப்பிள் கம்ப்யூட்டர் புகழ் ஸ்டீவ் வோஸ்னியாக் கலிபோர்னியாவில் நடத்திய இசைத் திருவிழாவில் இங்கிலாந்தின் பங்க் இசைக்குழுவான கிளாஷ் மேடையேறியது. வாங்கிய தொகை ஐந்து லட்சம் டாலர். வேலையில்லாத இளைஞர்களின் குரல் என்று பேர் வாங்கியவர்களுக்கு அந்தப் பணம் செரித்ததா? அதற்குப் பிறகு அவர்களால் எத்தனை நாள் ஒன்றாக நிற்க முடிந்தது?

நான்கு மாதம்கூட முடியவில்லை.

இந்த வாரம்தான் தொடருக்குள் வருபவர்களுக்குச் சுருக்கமாக ஒரு முன்கதை. கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் இயற்பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். 1952-இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர். அந்த அப்பா பிறந்தது நம் லக்னோவில். கெய்ரோ, மெக்சிகோ நகரம், பான் என்று அப்பாவுக்கு மாறுதல் வந்த ஊரிலெல்லாம் மகன் வளர்ந்தார். பிறகு விடுதிப் பள்ளி, ஓவியக் கல்லூரி. அதையும் பாதியில் விட்டுவிட்டு லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் பாடிக் காசு சேர்த்தார். பூட்டிக் கிடந்த வீடுகளில் குடியேறியிருந்த கூட்டத்தோடு சேர்ந்து ஒரு குழு நடத்தினார்.

1976-இல் கிதார் வாசிக்க மிக் ஜோன்ஸ், பேஸ் வாசிக்க பால் சிமனன், மேலாளராக பெர்னி ரோட்ஸ். கிளாஷ் பிறந்தது. முதல் கச்சேரி அந்த ஆண்டு ஜூலை 4, ஷெஃபீல்ட் நகரில். 1979-இல் வந்த 'லண்டன் காலிங்' இரட்டை இசைத்தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டு 'சாண்டினிஸ்டா', மூன்று தட்டு. விலை ஏறாமல் இருக்க, பிரிட்டனில் விற்கும் முதல் இரண்டு லட்சம் பிரதிகளின் ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். 1982-இல் 'காம்பாட் ராக்' அமெரிக்காவையே பிடித்தது. பணம் வந்தது. குழுவுக்குள் பேச்சு நின்றது.

★

கல்லங்குறிச்சி டீக்கடையில் இந்தத் தொடரைப் பற்றி ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, பங்க்கு பங்க்குன்னு எழுதுறியே, பெட்ரோல் பங்க்கா?"

சிரித்துவிட்டு விளக்கினேன். மூன்று கார்டு தெரிந்தால் போதும், குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொல்ல ஒரு விஷயம் இருந்தால் மேடையேறு என்ற பாட்டு அது என்றேன். 1970-களின் பாதியில் இங்கிலாந்தில் வேலையும் இல்லாமல், வரும் என்ற நம்பிக்கையும் இல்லாமல் திரிந்த பையன்களிடமிருந்து வந்தது என்றேன்.

"சரி, செட்டு ஏன் உடைஞ்சிது?" என்றார்.

மேளக்காரர்களைப் பார்த்தே வளர்ந்தவர் கேட்கும் கேள்வி அது. எந்தச் செட்டும் ஏதாவது ஒரு நாள் உடையும் என்பது அவருக்குத் தெரியும். காரணம்தான் வேண்டும்.

★

காரணம் ஒன்றல்ல.

முதலில் டிரம்மர் டாப்பர் ஹெடன். 'ராக் த கஸ்பா' என்ற பாட்டுக்கு மெட்டுப் போட்டவரே அவர்தான். டிரம்ஸ், பேஸ், பியானோ மூன்றையும் தானே வாசித்துப் பதிவு செய்தார். ஹெராயின் பழக்கம் முற்றிப்போனதால் 1982 மே மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து அதே பாட்டு அமெரிக்காவின் முதல் பத்துக்குள் நுழைந்தது. பாட்டு மேலே ஏறியபோது அதைப் பெற்றவர் குழுவில் இல்லை.

அடுத்தது பெர்னி ரோட்ஸ். ஒருமுறை விலக்கப்பட்ட மேலாளர். 1981-இல் அவரைத் திரும்பக் கூட்டிவந்தே ஆகவேண்டும் என்று நின்றவர் ஜோ. மிக்குக்கு அதில் இஷ்டமில்லை.

மூன்றாவது, இசை. நியூயார்க் தெருக்களில் அப்போது ராப் கிளம்பியிருந்தது. மிக் அதில் மயங்கிப்போனார். மெஷின் தாளம், வெட்டி ஒட்டிய சத்தங்கள் என்று அவர் காது புதிதைத் தேடியது. ஜோவுக்கோ ஆரம்பத்துக்கே திரும்ப வேண்டும்: கிதார், டிரம்ஸ், கத்தல்.

நான்காவது மிகச் சிறிய விஷயம். மிக் ஒத்திகைக்கு நேரத்துக்கு வருவதில்லை.

பெரிய பிளவுகளை வரலாறு பெரிய காரணங்களால் விளக்கப் பார்க்கும். ஆனால் ஒரே அறையில் தினமும் வேலை செய்பவர்களைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த நான்காவதுதான். கொள்கை வேறுபாட்டை உட்கார்ந்து பேசலாம். இரண்டு மணி நேரம் காத்திருந்த எரிச்சலை யாரும் பேசித் தீர்ப்பதில்லை. அது தேங்கும்.

1983 கோடை முடியும் நேரம். ஒத்திகைக்கு வந்த மிக்கிடம், இனி நீ குழுவில் வேண்டாம் என்று ஜோ சொன்னார். பால் சிமனனும் ஜோவின் பக்கம். மிக் தன் கிதாரை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

ஏழு வருடம், ஐந்து ஆல்பம். பெரும்பாலான பாட்டுக்கு ஜோ வரி, மிக் மெட்டு. முடிய ஒரு சில நிமிடம் போதுமானதாக இருந்தது.

செப்டம்பரில் அறிக்கை வந்தது. கிளாஷின் ஆரம்ப எண்ணத்திலிருந்து மிக் விலகிப்போய்விட்டார் என்றது அது. யார் விலகினார்கள் என்பது பிறகு தெரிந்தது.

★

ஜோ புதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு கிளாஷ் என்ற பெயரிலேயே பாடினார். 1984-இல் அப்பா இறந்தார். அடுத்தடுத்துக் கச்சேரிகள் இருந்தன. நின்று அழக்கூட அவகாசம் இல்லை.

1985 மே மாதம் ஒரு வினோதமான காரியம் செய்தார்கள். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம் என்று சாதாரண கிதார்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் வண்டியை மறித்து ஏறி ஊர் ஊராகப் போய்த் தெருமுனையிலும் பாலத்தடியிலும் பாடினார்கள். விழும் காசில் சாப்பாடு. நம்மூர் ரயிலில் பெட்டி பெட்டியாகப் பாடி வருபவர்கள் பிழைக்கும் பிழைப்பு. இரண்டு வருடம் முன்பு ஐந்து லட்சம் டாலர் வாங்கியவர், எழுபதுகளின் தொடக்கத்தில் தான் நின்ற இடத்திலேயே மறுபடி நின்று பார்த்தார்.

அந்தச் சில நாள்தான் புதுக் குழுவின் நல்ல நாள். நவம்பரில் 'கட் த கிராப்' ஆல்பம் வந்தது. அதைப் புனைபெயரில் தயாரித்தவர் மேலாளர் பெர்னி. மெஷின் தாளம் வேண்டாம் என்று மிக்கை அனுப்பினார்களே, இந்த ஆல்பம் முழுக்க மெஷின் தாளம். 'திஸ் இஸ் இங்கிலாந்து' என்ற ஒரு பாட்டைத் தவிர மற்றதைக் கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். கிளாஷ் கலைந்தது.

ஆனால் ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே ஜோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் விமானம் ஏறினார்.

★

பஹாமாஸ் தீவுகளின் நாசாவ் நகரம். மிக் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஜோ தேடிப் போனார். தேடி அலைந்து ஆளைப் பிடித்தார். நடந்தது நடந்துவிட்டது, திரும்பி வா, மறுபடி சேர்ந்து பாடுவோம் என்று கேட்டார்.

எங்கள் கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவர் ஒரு கற்கம்பம். தொலைந்த மாட்டைத் தேடிப்போன மங்கான் படையாட்சிக்குக் காட்டில் அந்தக் கம்பம் தென்பட்டது என்பது ஊரார் சொல்லும் கதை. மாடும் கிடைத்தது, சாமியும் கிடைத்தது. பங்குனித் தேருக்கு வண்டி கட்டிக்கொண்டு தானியத்தோடும் கன்றோடும் வருகிற சனத்துக்கு அந்தக் கதை இன்னும் பொய்யாகிவிடவில்லை. தேடிப் போகிறவனுக்கு ஏதாவது கிடைக்கும் என்பதுதான் அதன் சாரம்.

நாசாவில் ஜோவுக்குக் கிடைத்தது மிக்கின் புது ஆல்பம். 'பிக் ஆடியோ டைனமைட்' என்ற தன் சொந்தக் குழுவின் பாட்டுகளை மிக் போட்டுக் காட்டினார். அதில் மெஷின் தாளம் இருந்தது, சினிமா வசனத் துணுக்குகள் இருந்தன, நியூயார்க் தெரு இருந்தது. கிளாஷில் செய்ய விடாததை எல்லாம் மிக் செய்து முடித்திருந்தார். இனி ஏன் திரும்பி வர வேண்டும்?

நன்றாக இல்லை, நான் இல்லாத குறை தெரிகிறது என்று ஜோ சொல்லிப் பார்த்தார். மிக் அசையவில்லை.

பகையும் வைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1986-இல், மிக்கின் இரண்டாவது ஆல்பத்தை இருவரும் சேர்ந்து தயாரித்தார்கள். பல பாட்டுகளைச் சேர்ந்து எழுதினார்கள். ஆல்பம் முடிந்ததும் ஜோ வெளியே வந்தார். மிக்குக்கு ஒரு குழு இருந்தது. ஜோவுக்கு இல்லை.

★

முப்பத்து மூன்று முப்பத்து நான்கு வயது. உலகம் அறிந்த குரல். என்ன செய்வது?

சினிமா அழைத்தது. அலெக்ஸ் காக்ஸ் இயக்கிய 'வாக்கர்' படத்துக்காக நிகரகுவா போய், அதற்கு இசையமைத்தார். ஜிம் ஜார்முஷ் இயக்கிய 'மிஸ்டரி டிரெயின்' படத்தில் நடித்தார். 1989-இல் முதல் தனி ஆல்பம் வந்தது: 'எர்த்குவேக் வெதர்'. விற்கவில்லை.

அதன் பிறகு பத்து வருடம் அவர் பெயரில் ஆல்பம் இல்லை.

பாட வராமல் இல்லை. ஐரிஷ் குழுவான போக்ஸின் பாடகர் ஷேன் மக்கவன் குடியால் நிலைதடுமாறி விலக நேர்ந்தபோது, 1991-இல் அந்த இடத்தில் நின்று பாடிக் கொடுத்தார். கிளாஷ் காலத்து இசைத்தட்டு ஒப்பந்தம் கால்கட்டாகக் கிடந்தது. அதைவிடக் கனமான கட்டு மனதுக்குள் இருந்தது. மிக்கை விலக்கியது தன் தவறு என்று பின்னாளில் பேட்டிகளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

அதே 1991-இல்தான் ஒரு கூத்து நடந்தது. லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் கிளாஷின் பழைய பாட்டு ஒன்று ஒலித்தது. 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ'. இருக்கவா, போகவா என்று கேட்கிற பாட்டு. கேட்ட கேட்பில் அது பிரிட்டனின் முதலிடத்துக்கு ஏறியது. குழு உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூடத் தொடாத இடம். அதைப் பாடியது யார் தெரியுமா? ஜோ அல்ல. விலக்கப்பட்ட மிக்.

★

தொண்ணூறுகளில் ஜோ லண்டனை விட்டு சோமர்செட் பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடிபோனார். கிளாஸ்டன்பரி திருவிழாவுக்குப் போவார்.  மேடைக்குத் தொலைவில் விறகைக் கூட்டித் தீ மூட்டுவார். வருகிறவர் யாரானாலும் சுற்றி உட்காரலாம். விடிய விடியப் பேச்சும் பாட்டும்.

1998-இல் பிபிசி உலக சேவை ஒரு வானொலி நிகழ்ச்சி கொடுத்தது. ஆப்பிரிக்கா, கொலம்பியா, ஜமைக்கா என்று எங்கெங்கோ பிறந்த இசைத்தட்டுகளைத் தேடி எடுத்து ஒலிபரப்பினார். நிகழ்ச்சியின் பெயர் 'லண்டன் காலிங்'. போர்க்காலத்தில் பிபிசி தன்னை அறிவித்துக்கொண்ட சொல்லை ஒரு காலத்தில் பாட்டாக்கியவர், இப்போது அந்த வானொலிக்கே வந்து உட்கார்ந்தார்.

தீயைச் சுற்றி உட்கார்ந்ததிலும் ஊர் ஊராகக் கேட்ட பாட்டிலும் ஏதோ ஒன்று கரைந்தது. 1999-இல் தன்னைவிட வயதில் மிகக் குறைந்த பையன்களைச் சேர்த்து 'மெஸ்கலெரோஸ்' குழுவை அமைத்தார். முதல் கச்சேரி ஜூன் மாதம், ஷெஃபீல்டில். 23 வருடம் முன்பு கிளாஷ் முதன்முதலில் மேடையேறிய அதே ஊர்.

பத்து வருட மௌனம் கலைந்தது. அக்டோபரில் ஒரு ஆல்பம். 2001-இல் இன்னொன்று: 'குளோபல் ஏ கோ கோ'.

அந்த இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குப் பெயர் 'பிண்டி பாஜி'. வெண்டைக்காய் வதக்கல்தான்! நியூசிலாந்திலிருந்து வந்த ஒருவன் தெருவில் நின்று, வேகவைத்து மசித்த பட்டாணி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறான். அது கிடைக்காதப்பா, ஆனால் இங்கே வேறென்னவெல்லாம் கிடைக்கும் தெரியுமா என்று லண்டனில் குடியேறிய மக்களின் சாப்பாட்டை எல்லாம் ஜோ அடுக்கிக்கொண்டே போகிறார். கோபத்தில் தொடங்கிய குரல், ஒரு தெருவின் சமையல் வாசனையைப் புகழ்ந்து பாடுகிற இடத்துக்கு வந்திருந்தது. லக்னோவில் பிறந்தவரின் மகன்.

இந்த மனிதருக்கும் நமக்கும் என்ன என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு இன்னொன்று. அமெரிக்கப் படையினர் வியட்நாமில் விட்டுப்போன பிள்ளைகளையும் வேலையிழந்த இரும்பாலைத் தொழிலாளர்களையும் பற்றி ஜோ எழுதி 1982-இல் வெளிவந்த பாட்டு 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'. அதன் இசையை எடுத்து 2007-இல் 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டைக் கட்டி உலகையே ஆட வைத்தவர் ஒரு தமிழ்ப் பெண். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டனுக்கு அகதியாகத் திரும்பிய மாயா அருள்பிரகாசம், மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. தாயின் பெயரால் 'கலா' என்று அழைக்கப்பட்ட அந்த ஆல்பத்தில் நம் உறுமியும் ஒலிக்கிறது.

மெஸ்கலெரோஸில் வயலின் வாசித்தவரையும் சொல்லிவிட வேண்டும். டைமன் டாக். எழுபதுகளின் தொடக்கத்தில் பாதாள ரயில் நிலையத்தில் அவர் வாசிக்க, பக்கத்தில் நின்று தொப்பியில் காசு வாங்கியவர் ஜோ. முப்பது வருடம் கழித்து இருவரும் ஒரே மேடையில்.

தனிக் கலைஞர் என்கிறோம். தனியாக இருந்தவரை ஜோவின் பாட்டு எடுபடவில்லை என்பதே இந்தப் பத்து வருடக் கணக்கு. ஆள் சேர்ந்த பிறகுதான் குரல் திரும்பியது. ஆனால் சேர வேண்டிய ஓர் ஆள் இன்னும் சேரவில்லை.

★

2002 நவம்பர். பிரிட்டனின் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாடு தழுவிய அளவில் அவர்கள் வேலையை நிறுத்தியது 1977-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஆண்டுச் சம்பளம் 30,000 பவுண்ட் வேண்டும் என்பது கோரிக்கை. 13-ஆம் தேதி மாலை தொடங்கி 48 மணி நேரம் நிலையங்களுக்கு வெளியே குளிரில் தீ மூட்டி நின்றார்கள்.

15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு. மேற்கு லண்டனில் ஆக்டன் டவுன் ஹால். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு நிதி திரட்ட ஜோவும் மெஸ்கலெரோஸும் பாடினார்கள். பெரிய அரங்கமல்ல. ஐந்து லட்சம் டாலரும் இல்லை.

ஜோவுக்கு ஐம்பது வயது. தோளில் பழைய கறுப்பு டெலிகாஸ்டர் கிதார். இடது கைக்காரர், ஆனாலும் வலது கைக்காரர்களின் கிதாரை அப்படியே வாசிக்கப் பழகியவர். நுணுக்கம் வராது. ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்கத்தான் தெரியும் என்பதால்தான் ஸ்ட்ரம்மர் என்று தானே பெயர் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் மிக் ஜோன்ஸ் நின்றிருந்தார். பாட அழைக்கப்பட்டவர் அல்ல, கேட்க வந்தவர். அவரும் ஜோவும் ஒரே மேடையில் நின்று 19 வருடம் ஆகிவிட்டது. இடையில் சேர்ந்து எழுதினார்கள், பேசிச் சிரித்தார்கள். மேடை மட்டும் ஏறவில்லை.

நிகழ்ச்சி முடியும் நேரம். கூட்டம் விடவில்லை. குழு திரும்பி வந்து பழைய கிளாஷ் பாட்டு ஒன்றைத் தொடங்கியது. 'பேங்க் ராபர்'. மிக்கின் கை அறிந்த மெட்டு. மேடை விளிம்பு சில அடி தூரத்தில் இருந்தது.

அந்த இரவுக்குப் பின் ஜோவுக்கு 37 நாள்தான் மிச்சம். பிறவியிலேயே இதயத்தில் இருந்த கோளாறு அதுவரை யாருக்கும் தெரியாது; அவருக்கும் தெரியாது.

டீக்கடைப் பெரியவரிடம் இந்த இடம் வரை சொல்லி நிறுத்தினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதையே உங்களிடமும் கேட்டு இந்த வாரத்தை முடிக்கிறேன்.

"அவன் ஏறுனானா, இல்லியா?"

(அடுத்த வாரம்)